தண்ணீர் தெளித்து விட்ட மாடி

அன்புள்ள பெரிய மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் அம்மாவுடையது, எழுதும் கை மட்டும் உன் தங்கையுடையது. அம்மாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணி சுற்றிக் கிடப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நீ குழம்பக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன், அம்மா சொல்வதை 'அம்மா சொல்கிறாள்' என்றே எழுதுவேன், 'நான்' என்று வந்தால் அது நீங்கள் எல்லோரும் அகராதி என்று கூப்பிடும் நான்தான். அம்மாவிடம் இதைச் சொன்னதும், "நாலு வரி எழுதச் சொன்னா முன்னுரை போடுறா பாரு" என்றாள். அதையும் எழுதினேன். "அதை ஏண்டி எழுதின" என்று கேட்டாள். உண்மையாக எழுதுவதாக முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி மாற்ற முடியாது என்றேன்.

இங்கே அப்பா நலம், அகராதி நலம், இரண்டு விரல் நீங்கலாக அம்மாவும் நலம், அங்கே உன் சாப்பாடும் தூக்கமும் எப்படி என்று தெரிந்தால் எங்கள் மனதும் நலம். அடுத்து, "அந்த மாடிக்காரம்மாவும் நல்லா இருக்காங்களான்னு கேட்டேன்னு எழுது" என்றாள். வெளிநாட்டில் நீ தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு இங்கே அதுதான் பெயர். எழுதிக்கொண்டிருக்கும்போதே, "நல்லாத்தான் இருப்பாங்க, அவங்களுக்கு என்ன கொறச்சல், பெத்து வளர்க்காமலே ஒரு பொண்ணு கெடைச்சிருக்கு" என்றாள். பிறகு இதை எழுதாதே என்றாள், அதற்குள் நான் வரியை முடித்துவிட்டேன்.

கடிதம் எழுதும் காரணம் உனக்கே தெரியும். உனக்கு மூன்று வாரம் விடுமுறை வருகிறது, இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நம் வீட்டுக்கு வருகிறாயா, இல்லை மாடிக்காரம்மாவோடு அவர் தங்கையின் கடற்கரை வீட்டுக்குப் போகிறாயா என்பதுதான் இங்கே இரண்டு மாதமாக ஓடுகிற பேச்சு. அம்மா கேட்டபோது "யோசிக்கிறேம்மா" என்றாய், அந்த 'யோசிக்கிறேன்' பிடிக்காமல் அம்மா போனை அப்பா கையில் திணித்துவிட்டு எழுந்து போனாள். அதற்கடுத்த சனிக்கிழமை கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாய். அதன்பின் இரண்டு சனிக்கிழமை போய்விட்டன, உன் குரலே இல்லை. நேற்று மாலையும் அம்மா போனைத் துடைத்து ஜன்னல் பக்கம் வைத்தாள், அங்கேதான் சிக்னல் நன்றாக வருமாம். நீயே கூப்பிடேன் என்று அப்பா சொன்னதற்கு, "நான் கூப்பிட்டா வீட்டு போனை அந்தம்மாதான் எடுப்பாங்க, உங்க பொண்ணு குளிக்கிறான்னு சொல்லுவாங்க, அவ எத்தனை மணிக்குக் குளிப்பான்னு அவங்க எனக்குச் சொல்லித் தரணுமா" என்றாள். ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாய், பெற்றவளிடம் ஒருமுறை பல்லைக் காட்ட நேரமில்லையா என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

இனி மாடிச் செய்தி. நீ அனுப்பிய அந்தப் படம் நினைவிருக்கிறதா, மாடிக்காரம்மாவும் நீயும் அவர் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள், தரை முழுக்கக் கூழாங்கல் பதிந்து தெரியும். வெறுங்காலோடு நடந்தால் ஆற்றுக்குள் நடப்பது போல இருக்கிறது அம்மா, இவர் எனக்கு இன்னொரு அம்மா மாதிரி என்று கீழே எழுதியிருந்தாய். அப்பா தரை நன்றாக இருக்கிறது என்றார், நான் நீ மெலிந்திருக்கிறாய் என்றேன். அம்மா மட்டும் அப்பா வேலைக்குப் போகும் வீடுகளில் கரண்ட் மீட்டர் எண் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, அந்த அம்மாளின் கை உன் தோள் மேல் இருக்கிறதா, கழுத்தைச் சுற்றி இருக்கிறதா என்று பார்த்தாள். தோள் மேல்தான் இருந்தது. "இன்னொரு அம்மா வேணும்னு யாரு விண்ணப்பம் போட்டா" என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து மேஸ்திரியை அழைத்து வந்து அதே படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும், இதைவிட நல்லாவே வேணும்" என்றாள். நம் மாடித் தளம் வெடித்து மழைக்காலத்தில் என் மேசை மேல் சொட்டுகிறது என்று மூன்று வருடமாக நான் சொல்லி வந்தேன், அப்போதெல்லாம் மேசை மேல் ஒரு வாளி வைத்தார்கள். நீ ஒரு படம் அனுப்பியதும் தளமே வந்தது. இது அம்மா சொன்ன வரி இல்லை, என் வரி.

நாலு மூட்டை கூழாங்கல் வந்து இறங்கியது. உனக்கு நீலம் கலந்த சாம்பல் நிறம்தான் பிடிக்கும் என்று சொல்லி, சிவப்பையும் மஞ்சளையும் பழுப்பையும் பொறுக்கி எடுக்கச் சொன்னாள் அம்மா. இரண்டு வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து நான்தான் பொறுக்கினேன். எனக்குப் பிடித்த நிறம் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிவப்பு என்று சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை காலையில் கான்கிரீட் போட்டார்கள். பழைய தளத்தைக் கொத்திக் கழுவி, இரண்டு அங்குலக் கனத்துக்குப் போட்டு, ஓடும் தண்ணீர் குழாய்ப் பக்கம் போகும்படி வாட்டம் பார்த்து, அதன்மேல் கல்லை விதை தூவுவதுபோலத் தூவி, மட்டப்பலகையால் தட்டித் தட்டி உள்ளே இறக்கினார்கள். முடிந்தபோது ஒரு கல்லும் தெரியவில்லை. அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "பொறுக்கின கல்லெல்லாம் எங்கய்யா போச்சு" என்றாள். "உள்ள தூங்குதும்மா, நாளைக்குக் காலையில முழிச்சுக்கும்" என்றார் மேஸ்திரி. பிறகு செடிக்கு மருந்தடிக்கும் டப்பாவால் ரோஜா நிறத்தில் ஒரு திரவத்தை மேலே தெளித்தார். அது மேல்பூச்சை மட்டும் இறுக விடாமல் வைத்திருக்குமாம், அடிக் கான்கிரீட் தன் பாட்டுக்கு இறுகுமாம். மறுநாள் தண்ணீர் பீய்ச்சித் தேய்த்தால் இறுகாத மேல்பூச்சு கரைந்து ஓடிவிடும், கல் மண்டை மட்டும் வெளியே தெரியும். சீக்கிரம் கழுவினால் கல்லே பெயர்ந்து வந்துவிடும், தாமதித்தால் கழுவவே முடியாது. இதையெல்லாம் நான் என் நோட்டில் குறித்துக்கொண்டேன், மேஸ்திரி என்னைப் பார்த்து, "பாப்பா என் பொழப்புக்குப் போட்டியா வருது போல" என்றார்.

வியாழக்கிழமை காலையில் கல் முழித்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த இடத்தில் சாம்பல் குழம்பு ஓட ஓட, ஒவ்வொரு கல்லாகக் கண் திறந்து பார்த்தது. ஒரு மூலையில் பிரஷ் பட்டு இரண்டு கல் பெயர்ந்ததும் அம்மா பதறிவிட்டாள். "பிரஷை விடுங்க, இது எம்பொண்ணு நடக்கப்போற எடம்" என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் தேய்க்க ஆரம்பித்தாள். கையுறை போடுங்கம்மா, சிமெண்ட் தண்ணி தோலைத் தின்னுடும் என்று மேஸ்திரி மூன்று முறை சொன்னார். "அந்தம்மா அவங்க மாடியைக் கையால கழுவியிருப்பாங்களா" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றார் மேஸ்திரி, பாவம், அவர் என்ன சொல்வார். மத்தியானத்துக்குள் விரல் நுனித் தோல் ஊறி வெள்ளையாகி, மாலையில் சிவந்து, ராத்திரி புண்ணாகிவிட்டது. இதுதான் விரல் கதை. டாக்டரம்மா களிம்பு கொடுத்திருக்கிறார், ஆறி வருகிறது, கவலைப்பட வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். கொஞ்சம் கவலைப்பட்டால் தப்பில்லை என்றும் சொல்கிறாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. பத்து நாள் தளம் காயவே கூடாது. பழைய சாக்குகளை அலசி விரித்து, காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுச் சாக்கு போட்டால் பழுப்புச் சாயம் இறங்கிக் கறையாகிவிடும், காய்ந்த சாக்கு கிடந்தால் அது தளத்தில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும், சாக்கே போடாததைவிட மோசம். அம்மா கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு குவளையால் மொண்டு மொண்டு தெளித்தாள். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றித் துணி மாற்றுகிற மாதிரி அத்தனை பதவிசாக. எனக்குப் போன வருடம் நாலு நாள் காய்ச்சல் வந்தபோது துணியை நானே மாற்றிக்கொண்டேன், அதை நான் சொல்லிக்காட்டவில்லை, பதிவு செய்கிறேன். வெளியே போகும்போது எதிர்வீட்டு டீச்சர், என்னம்மா ஆளையே காணோம் என்றதற்கு, "மாடியை விட்டு வர முடியல டீச்சர், பெரியவ வர்றா" என்றாள். நீ வருவதாக எப்போது சொன்னாய்?

பதினோராம் நாள் மேஸ்திரி வந்து சாக்கை எடுத்தார். எல்லா இடமும் சரி, குழாய்ப் பக்கத்து மூலையில் மட்டும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள். மேஸ்திரி குனிந்து பார்த்து, "எல்லா எடத்துக்கும் தண்ணி ஊத்தியிருக்கீங்க, இந்த மூலைக்கு மட்டும் யாரோ தண்ணி காட்டிட்டாங்கம்மா" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "நான்தான் விட்டிருப்பேன், அவ போன் வரலைங்கிற நெனப்புல விட்டிருப்பேன்" என்றாள். அந்த இடத்துக்குப் பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒழுகாது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அம்மா தினமும் அந்த மூலையில் போய் நின்று பார்க்கிறாள்.

தளம் காய்ந்ததும் இன்னொரு துக்கம். கல் மேல் எல்லாம் சாம்பல் பூசினாற்போல ஒரு வெள்ளைப் படலம். படத்தில் மாடிக்காரம்மாவின் கல் பளபளவென்று இருக்கிறது. அம்மா யாரிடமும் சொல்லாமல் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஆசிட் பாட்டில் வாங்கி வந்துவிட்டாள். நல்ல வேளை, பாட்டில் வாங்கிய அரைமணி நேரத்தில் கடைக்காரர் மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டார், மேஸ்திரி சைக்கிளில் பறந்து வந்தார். மிச்சம் கிடந்த கல்லை ஒரு பிளாஸ்டிக் மக்கில் போட்டு ரெண்டு சொட்டு விட்டுக் காட்டினார், சாம்பல் கல் ஒன்றிரண்டு சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது. "பாத்தீங்களா, அழுக்கை எடுக்கப்போய் கல்லையே எடுத்துடும். இருபத்தெட்டு நாள் ஆகட்டும், தளத்தை நல்லா நனைச்சிட்டு, வாளித் தண்ணியில கொஞ்சூண்டு ஆசிட் கலந்து, ஒரு மூலையில பாத்துட்டு நானே கழுவித் தர்றேன்" என்றார். "அந்த வீட்டு மாடிக்கு என்ன வயசு" என்று அம்மா கேட்டாள். பத்து வருஷமாவது இருக்கும் என்றார். "அப்ப என் மாடிக்கு வயசு பத்தல" என்று சொல்லி பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். இன்று பத்தொன்பதாம் நாள், இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

அம்மா சொல்கிறாள்: நான் கேட்டது என்ன பெரிய தப்பு, வருவியா என்று கேட்டேன், அதற்கு இரண்டு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாயா, என் மேல் கோபமா, இல்லை அங்கே என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா. இதைச் சொன்னதும் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டாள். பால் காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது.

அக்கா, அம்மா வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நாங்கள் மாடி அறையின் நிலைப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம், எதிரே அந்த மூலை தெரிகிறது. நீ இரண்டு நிமிடம் பேசி வைத்த சனிக்கிழமை போனை எடுத்தது நான்தானே. அன்று தளம் போட்டு நாலாம் நாள். முந்தின நாள் நடந்த கட்டுரைப் போட்டியில் மத்தியானம் எனக்கு முதல் பரிசு கிடைத்தது, ஓடி வந்து மாடியேறி அம்மாவிடம் சொன்னேன். அவள் குவளையை நிறுத்தாமல், "சரி சரி, அந்த மூலைச் சாக்கு காஞ்சிருக்கு பாரு, கொஞ்சம் ஊத்து" என்றாள். குவளையை எடுக்கப் போனபோது கீழே போன் அடித்தது. நீ என்று தெரிந்ததும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது இன்னும் எரிந்தது. அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதுவாய், கடைசியில் எனக்கு ஒரு வரி, 'அகராதியைக் கேட்டதாகச் சொல்லவும்.' அந்த ஒரே வரியைப் பதினான்கு கடிதத்தில் எண்ணியிருக்கிறேன். நீ என்னிடம், "அம்மா இன்னும் கோபமாத்தான் இருக்காங்களாடி, என் விஷயத்துல என்ன சொல்றாங்க" என்று கேட்டாய். மேலே அம்மா தெளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், "அம்மா தண்ணி தெளிச்சு விட்டுட்டாங்க." "நெஜமாவா" என்றாய். "என் கண்ணால பார்த்தேன்" என்றேன். நீ, "சரி, வெச்சிடறேன்" என்றாய்.

அது பொய் இல்லை என்று எனக்கு நானே இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டேன். அம்மா தண்ணீர்தான் தெளித்தாள், மாடிக்குத் தெளித்தாள், நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, இனி இவள் நமக்கு இல்லை, எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று கைகழுவி விடுவது, நீ அந்தப் பொருளைத்தான் எடுப்பாய் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். என்னை அகராதி என்று கூப்பிடுகிறீர்கள், எனக்குத் தெரியாமல் இருக்குமா. யார் போனில் என்று அம்மா மேலேயிருந்து கேட்டாள், அக்காதான், வேலை இருக்காம், வெச்சிட்டா என்றேன், இது மட்டும் சுத்தப் பொய். பிறகு மாடிக்குப் போகப் பயமாக இருந்தது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த மூலைச் சாக்கை நனைக்கவில்லை. மறுநாளும் நனைக்கவில்லை, நனைத்தாயா என்று அம்மா கேட்டபோது தலையாட்டினேன். அந்த வெடிப்பு அம்மா மறந்ததால் வந்தது இல்லை. மேஸ்திரி சொன்னது சரி, தண்ணீர் காட்டியது நான்தான், மூலைக்கும் உனக்கும்.

இவ்வளவு எழுதும்போது அம்மா மேலே வந்து, "எதுவரைக்கும் எழுதின, படிச்சுக் காட்டு" என்றாள். இரண்டு பத்தியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், அம்மா கண்ணாடி போட்டிருக்கவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்காது. முதல் வரி எழுதியிருக்காவிட்டால் அப்படித்தான் செய்திருப்பேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். போன் வந்த இடம் வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை, "சத்தமா படி" என்றாள்.

படித்து முடித்ததும் திட்டுவாள் என்று காதை மூடத் தயாராக இருந்தேன். அவள் முதலில் கேட்டது, "அப்ப அந்த மூலையை நான் விடலையா" என்றுதான். இல்லை என்றேன். மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் வந்தது. "தண்ணி தெளிச்சு விட்டேனா? எம்பொண்ணையா? ரெண்டு வாரமா அவ அங்க அதை நெனச்சுக்கிட்டா பல்லு ராவிக்கிட்டு இருப்பா?" என்று சொல்லி இடது கையால் என் காதைத் திருகினாள். வலது கையாக இருந்திருந்தால் இன்னும் வலித்திருக்கும். நான் அழுதேன், அதையும் பதிவு செய்கிறேன், தாளில் ஒரு இடத்தில் மை பரவியிருப்பது அதனால்தான். "எதுக்குடி உனக்கு இந்த எரிச்சல்" என்றாள். நீ அக்காவுக்குத் தளமே போட்டுக் கொடுக்கிறாய், நான் பரிசு வாங்கியதைச் சொன்னால் சாக்கு காய்கிறது என்கிறாய் என்றேன். அம்மா என் காதை விட்டாள். "என்ன கட்டுரை" என்று கேட்டாள். அம்மா கையால் மாடி கழுவின காலைப்பொழுதைப் பற்றித்தான் என்றேன். "என் வெரலைப் பத்தி இருக்கா?" இருக்கிறது. "மாடிக்காரம்மா?" ஒரு பத்தி இருக்கிறது என்றேன். "ஐயையோ, அதைப் போயி பரிசு குடுத்தவங்க எல்லாம் படிச்சிருப்பாங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள், பிறகு மூக்கால் சிரித்தாள். "உனக்கும் எனக்கும் ஒரே வியாதிதான், எனக்கு அந்தம்மா மேல, உனக்கு இவ மேல" என்றாள். அப்புறம் நிலைப்படிக்கு வெளியே காலை நீட்டி, கட்டைவிரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த ஒரு சிவப்புக் கல்லு எப்படி வந்துச்சுன்னு நான் பார்க்கலைன்னு நெனச்சியா? மேஸ்திரி நோண்டி எடுக்க வந்தாரு. இருக்கட்டும்யா, அது சின்னவளோடதுன்னு சொன்னேன்."

அந்தக் கல்லை நான் புதன்கிழமை யாருக்கும் தெரியாமல் அமுக்கி வைத்திருந்தேன். இத்தனை நாளில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு பத்தியையும் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஓர் எழுத்து அடிக்காமல் அப்படியே போகட்டும், போனில் சொன்னால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும், தாளில் இருந்தால் திரும்பத் திரும்பப் படிப்பாள் என்கிறாள். உனக்கு இப்போது அங்கே நடுராத்திரியாக இருக்கும், விடிந்ததும் தானே கூப்பிடப்போவதாகவும் சொல்கிறாள், மாடிக்காரம்மா எடுத்தாலும் சரியாம், நீ குளித்துவிட்டு வரும் வரைக்கும் காத்திருப்பாளாம். ஆனாலும் கடிதத்தின் முடிவை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அம்மா சொல்கிறாள்: தண்ணீர் தெளித்தது மாடிக்கு. உனக்கு இல்லை. உன்னைத் தெளித்து விட இந்தக் கை வராது, இப்போது கட்டுப் போட்டிருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, எப்போதும் வராது. கடலுக்குப் போக ஆசையிருந்தால் போய் வா, அந்த அம்மாளையும் கேட்டதாகச் சொல், இந்தமுறை நிஜமாகவே கேட்டேன். ஆனால் கடலில் மூன்று நாளைக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, மிச்ச நாளை என்ன செய்வாய் என்று நீயே யோசித்துக்கொள். போனாலும் வந்தாலும் விடுமுறைக் கடிதத்தை மாதக் கடைசி வரை இழுக்காமல் கொடுத்துவிடு. வருவதானால் இருபத்தெட்டாம் நாளுக்கு மேல் வா, அதற்குள் படலம் போய்க் கல் பளிச்சென்று இருக்கும். முன்னாலேயே வந்தாலும் பரவாயில்லை, கையுறை மூன்று ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், ஆளுக்கொரு பிரஷ் பிடிக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு, பல் ராவும் தூசி மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள், எடுத்த காரியம் எல்லாம் கூடி வந்து நீ நூறு வயசு நல்லா இரு.

இப்படிக்கு, உன்னைத் தெளித்து விடாத
அம்மா
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருந்தாலும் அவளுடையதுதான்.)

எழுதியது அகராதி. என்னை மன்னிக்கும் வரைக்கும் அந்த ஒரு வரியைக்கூட நீ எழுத வேண்டாம். மன்னித்தால் இரண்டு வரியாக எழுது.

இன்னும் ஒன்று. கையெழுத்துப் போட்டதும் அம்மா மாடி விளக்கைப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை நிலைப்படியிலிருந்து அந்த மூலை வரைக்கும் வீசி ஊற்றினாள். நனைந்ததும் வெள்ளைப் படலம் எங்கே போனது என்றே தெரியவில்லை, நீலமும் சாம்பலும், நடுவில் ஒரே ஒரு சிவப்பும், எல்லாக் கல்லும் முழித்துக்கொண்டு நின்றன. படத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்தது, இதை அம்மாவுக்காகச் சொல்லவில்லை. காய்ந்தால் மறுபடி வெளுத்துவிடும் என்று தெரிந்தும் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கீழேயிருந்து அப்பா, "ஊர் மீட்டரெல்லாம் பாத்துட்டு வந்தா என் வீட்டு மீட்டர்தான் ஓடுது, ரெண்டு பேரும் அங்க யாருக்கு வெளிச்சம் போட்டுக் காட்டுறீங்க" என்று கத்தினார். பெரியவளுக்கு என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, சின்னவளுக்கும்தான் என்றாள். விளக்கை அணைத்துவிட்டோம்.